கடனும் ஓர் எண்தான்: வியாபாரிகளுக்கான சயக் கணக்கு



"உங்கள் கடையின் இன்றைய பெறுமதி என்ன?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் இறாக்கையைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். சரக்கைக் காட்டுவோம். லாச்சியைத் திறந்து காட்டுவோம். வாடிக்கையாளர்கள் தரவேண்டிய கடன் கொப்பியையும் எடுத்து வைப்போம். நாம் மற்றவருக்குக் கொடுக்க வேண்டியதை மாத்திரம் காட்ட மாட்டோம். அது வேறொரு கொப்பியில், வேறொரு லாச்சியில் கிடக்கும். பெருக்கல், வகுத்தல், சதவீதம் எல்லாவற்றையும் வாய்க்கணக்காகவே போடும் நமக்கு இந்தச் சய அடையாளம் மட்டும் ஏனோ பிடிப்பதில்லை.

பாடசாலையில் இதனை 'திசைகொண்ட எண்கள்' என்று படித்திருப்போம். சக என்றால் ஒரு திசை, சய என்றால் எதிர்த் திசை. பரீட்சை முடிந்ததும் அதனை மறந்துவிட்டோம். மறந்ததன் விலை எவ்வளவு என்பதை நான் பல்லேகமவில் கண்டேன். அதையே இந்த வாரம் எழுதுகிறேன்.

பல்லேகமவில் இரண்டு கொப்பிகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறி, ரிவர்ஸ்டன் மலையைக் கடந்து, இலுக்கும்புரவால் இறங்கினால் வருவது பல்லேகம. என் தாய்மாமா அங்கே பழைய நகரில் சில்லறைக் கடை வைத்திருந்தார். சுற்றுக் கிராமத்து விவசாயிகள் அறுவடைக்கு அறுவடை கடனை அடைப்பார்கள். இடையிலே அரிசி, மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கொப்பியில்தான் போகும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அந்தக் கடையில் நின்றுதான் நான் கணக்கு எழுதப் பழகினேன். இன்று மாத்தளையில் அதுவே என் தொழில்.

மொரகஹகந்த - களுகங்கை திட்டத்தின் கீழ் பழைய நகரம் நீருக்கடியில் போகும் என்பது முடிவானதும், கணக்கைத் தீர்த்துத் தரும்படி மாமா என்னை அழைத்தார். 2017 ஒக்டோபர் மாத முடிவு அது. மாமாவிடம் இரண்டு கொப்பிகள் இருந்தன. நீல மட்டைக் கொப்பியில் ஊரார் தரவேண்டியது. சிவப்பு மட்டைக் கொப்பியில் மாமா கொடுக்க வேண்டியது. இத்தனை வருடத்தில் இந்த இரண்டையும் ஒரே தாளில் அவர் ஒருபோதும் எழுதிப் பார்த்ததில்லை. நான் எழுதினேன்.

கடைச் சரக்கு, வாங்கிய விலைப்படி: 420,000
கையிருப்புக் காசு: 35,000
ஊரார் தரவேண்டியது: 610,000
மொத்தம்: 1,065,000

மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது: 780,000
உறவினரிடம் வாங்கிய கைமாற்று: 150,000
மொத்தம்: 930,000

முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிச்சம் 135,000 ரூபா. மாமாவின் முகம் மலர்ந்தது. பிறகு நீலக் கொப்பியை இருவரும் பெயர் பெயராகப் பார்த்தோம். இறந்துபோனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பல வருடமாக ஒரு சதமும் கட்டாதவர்கள் என்று பிரித்தபோது 240,000 ரூபா வராது என்பது தெளிவானது. 135,000இலிருந்து 240,000ஐக் கழித்தேன்.

சய 105,000.

மாமா தாளை வெகுநேரம் பார்த்தார். "மகன், சய எண்டா என்ன? கடையில ஒண்டுமில்ல எண்டா? இறாக்கை நிறையச் சாமான் ஈக்கிதே?" என்று கேட்டார்.

"ஒண்டுமில்லாத இடத்துக்குப் போய்ச் சேரவே இன்னும் ஒரு லட்சத்தி ஐயாயிரம் வேணும் மாமா" என்றேன்.

சய எண்ணின் பொருள் இவ்வளவுதான். பூச்சியம் என்பது அடித்தளம் அல்ல, நடுக்கோடு. அதற்கு மேலே போகலாம், கீழேயும் போகலாம். கீழே இருப்பவருக்குப் பூச்சியம் என்பதே ஏறிப் போகவேண்டிய ஓர் இடம்.

இது வியாபாரிகளின் கணக்கு

சய எண் வாத்திமார் நமக்குத் தந்த தலைவலி என்று நினைக்க வேண்டாம். அதற்குப் பொருள் கிடைத்ததே கடனிலிருந்துதான். கி.பி. 628இல் இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் தமது நூலில் பூச்சியத்துக்கும் சய எண்களுக்கும் விதிகளை எழுதினார். சக எண்ணை அவர் 'தனம்' என்றார், அதாவது செல்வம். சய எண்ணை 'ருணம்' என்றார், அதாவது கடன். இரண்டு கடன்களைக் கூட்டினால் கடன், சம அளவுள்ள செல்வத்தையும் கடனையும் கூட்டினால் பூச்சியம் என்பன அவரது விதிகள். சீனர்கள் அதற்கும் முன்பே கணக்குக் குச்சிகளைப் பயன்படுத்தினார்கள். சக எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, சய எண்ணுக்குக் கறுப்புக் குச்சி. இன்று நாம் நட்டத்தைச் சிவப்பில் எழுதுவதற்கு இது நேர்மாறு.

பக்தாதில் ஏறக்குறைய 820ஆம் ஆண்டளவில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே இன்று உலகம் முழுவதும் வழங்கும் அல்ஜீப்ரா. வியாபாரம், வாரிசுப் பங்கீடு, நில அளவை ஆகியவற்றுக்குப் பயன்படும் கணக்கு அது. ஆனால் தனியாக நிற்கும் சய எண்ணை அவர் ஏற்கவில்லை. ஒரு பக்கத்தில் கழிந்து நிற்பதை இரு பக்கமும் கூட்டிச் சரிசெய்துவிடுவார்.

940இல் பிறந்த அபுல் வஃபா அல்-பூஸ்ஜானி, எழுத்தர்களுக்கும் தொழில் செய்வோருக்கும் தேவையான கணக்கைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அதில் 3ஐ 5ஆல் பெருக்க ஒரு சுற்றுவழி காட்டுகிறார். 10இலிருந்து 3 போனால் 7. அந்த 7ஐ 5இலிருந்து கழிக்க வேண்டும். 5இலிருந்து 7 எப்படிப் போகும்? போகாத அந்த 2ஐ அவர் 'கடன்' என்றே சொல்கிறார். 2 கடனைப் பத்தால் பெருக்கினால் 20 கடன். 10க்கு 3 எவ்வளவு குறைவோ அந்த 7ஐயும், 5 எவ்வளவு குறைவோ அந்த 5ஐயும் பெருக்கினால் 35. 35இலிருந்து 20 கடனைக் கழித்தால் 15. மூவைந்து பதினைந்து, கணக்குச் சரி! பன்னிரண்டாம் நூற்றாண்டில், பக்தாதில் பிறந்த அஸ்-ஸமவ்அல் சய எண்களுக்குரிய விதிகளைத் தெளிவாக எழுதி வைத்தார். அதற்கு நெடுங்காலம் பின்பு, 1544இலும் ஜெர்மானியக் கணிதர் மைக்கல் ஸ்டிஃபல் இவற்றை 'அபத்தமான எண்கள்' என்றே அழைத்தார். சிவப்புக் கொப்பி வைத்திருக்கும் யாருக்கும் இதில் அபத்தம் எதுவும் தெரியாது.

நான்கு விதிகள், கடை மொழியில்

1. கடனோடு கடன் சேர்ந்தால் கடன் கூடும். ஒருவருக்கு 20,000, இன்னொருவருக்கு 15,000 கொடுக்க வேண்டுமென்றால் சய 20,000, சய 15,000, மொத்தம் சய 35,000. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "சயவும் சயவும் சக" என்று பாடசாலையில் மனப்பாடம் செய்தது மட்டும் நினைவில் நிற்கிறது. அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உரிய விதி. கூட்டலில் இரண்டு நட்டம் சேர்ந்து ஒருபோதும் இலாபமாகாது.

2. கடனும் காசும் சேர்ந்தால் ஒன்றையொன்று தின்னும். பெரியது எதுவோ அதன் அடையாளமே மிஞ்சும். உங்கள் வங்கிக் கணக்கில் 20,000 இருக்கும்போது 32,000 ரூபாக் காசோலை ஒன்றை வங்கி அனுமதித்துவிட்டால் மீதி சய 12,000. அடுத்த நாள் 15,000 வைப்புச் செய்கிறீர்கள். உங்களிடம் இருப்பது 15,000 அல்ல, 3,000 மாத்திரமே. 15,000 இருக்கிறது என்ற நினைப்பில் அடுத்த காசோலையை எழுதினால் அது திரும்பி வரும். காசோலை திரும்பினால் பெயரும் போகும்.

3. கடனைக் கழித்தால் அது கூட்டுவதற்குச் சமம். இதில் நானே பிழை விட்டிருக்கிறேன். மாமா கடையில் நின்ற காலத்தில், ஒரு மொத்த வியாபாரிக்கு நாம் 96,000 ரூபா கொடுக்க வேண்டியிருந்தது. திகதி முடியப்போகும் சாமான் 18,000 ரூபாவுக்குத் திருப்பி அனுப்பினோம். அவரும் ஏற்றுக்கொண்டு துண்டு தந்தார். கடன் 78,000 ஆகக் குறைந்திருக்க வேண்டும். நானோ அந்தத் துண்டையும் இன்னொரு பில் என்று நினைத்துக் கூட்டிவிட்டேன். கொப்பியில் 114,000 என்று நின்றது.

பிழை எவ்வளவு? 18,000 என்று சொல்லத் தோன்றும். இல்லை, 36,000. குறைய வேண்டிய 18,000 குறையவில்லை, அதற்கு மேல் 18,000 கூடியும்விட்டது. அடையாளம் மாறினால் பிழை எப்போதும் இரட்டிப்பாகும். இதையே கணக்காளர்கள் ஒரு கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். உங்கள் கணக்குக்கும் எதிராளியின் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசத்தை இரண்டால் பிரியுங்கள். வரும் தொகை கொப்பியில் எங்காவது பதிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அநேகமாக அதன் அடையாளம்தான் மாறியிருக்கும். 36,000இன் பாதி 18,000 என்று தேடியபோது அந்தத் துண்டு எனக்கு ஐந்து நிமிடத்தில் அகப்பட்டது.

4. நட்டத்தைக் குறைத்தால் அது இலாபம். அயல் கடையோடு போட்டி போட்டு ஒருவர் சீனியைக் கிலோவுக்கு 4 ரூபா நட்டத்தில் விற்கிறார் என்று வையுங்கள். மாதம் 300 கிலோ விற்றால் சய 4 தர 300, அதாவது சய 1,200. அதில் 100 கிலோவைக் குறைக்கிறார். குறைப்பது என்பது சய 100. சய 4 தர சய 100, விடை சக 400. அவர் கையில் 400 ரூபா தங்குகிறது. 'சய தர சய சக' என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. ஐயம் இருந்தால் இந்தப் படிகளைப் பாருங்கள்.

சய 4 தர 2 = சய 8
சய 4 தர 1 = சய 4
சய 4 தர 0 = 0
சய 4 தர சய 1 = சக 4

ஒவ்வொரு படியிலும் விடை நான்கால் ஏறுகிறது. பூச்சியத்துக்கு வந்த பின்னும் அந்த ஏற்றம் நிற்கக் காரணம் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் கவனியுங்கள். நட்டத்தில் போகும் சாமானை அதிகமாக விற்றால் நட்டம்தான் அதிகமாகும். "விற்பனை கூடிவிட்டது, ஆனால் கையில் காசு இல்லை" என்று முறையிடுவோர் பலருடைய கொப்பியில் இந்தச் சய எண் ஒளிந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

எது பெரியது?

சய 105,000 பெரிதா, சய 40,000 பெரிதா? கடனாகப் பார்த்தால் முதலாவது பெரிய கடன். நிலைமையாகப் பார்த்தால் இரண்டாவதே மேலானது. சய எண்களில் பூச்சியத்துக்குக் கிட்ட இருப்பதே பெரிய எண்.

இது பாடசாலைக் கேள்வி மாத்திரமல்ல. 2024 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி நமது நாட்டின் பணவீக்கம் சய 0.5 வீதம். 2025 பெப்ரவரியில் சய 4.2. மார்ச்சில் சய 2.6. ஆகஸ்டில் சக 1.2. மின்கட்டணத்திலும் எரிபொருள் விலையிலும் வந்த குறைப்புகள் சய பக்கம் போனதற்கு முக்கிய காரணங்கள். "4.2 ஆக இருந்தது 2.6 ஆகிவிட்டது, விலை இன்னும் வேகமாக இறங்குகிறது" என்று ஒரு வியாபாரி என்னிடம் சொன்னார். அவர் அடையாளத்தைப் பார்க்கவில்லை. 2024 பெப்ரவரியில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய கூடை 2025 பெப்ரவரியில் 958 ரூபா. 2024 மார்ச்சில் 1,000 ரூபாவுக்கு வாங்கியது 2025 மார்ச்சில் 974 ரூபா. முந்திய ஆண்டைவிட விலை குறைவுதான், ஆனால் அந்தக் குறைவு சுருங்கிக்கொண்டு வந்தது. இறக்கம் தொடரும் என்று சரக்கு எடுக்காமல் காத்திருப்பவரும், ஏற்றம் வருகிறது என்று முந்துபவரும் செய்யும் முடிவுகள் வேறு வேறு.

சக எண்ணிலும் இதே மயக்கம் வருவதுண்டு. 2022 செப்டம்பரில் 69.8 வீதமாக இருந்த பணவீக்கம் 2023 செப்டம்பரில் 1.3 வீதமானது. விலை குறைந்துவிட்டது என்று வாடிக்கையாளர்கள் கடைக்காரரோடு சண்டை பிடித்தார்கள். எண் சக ஆக இருக்கும்வரை விலை ஏறித்தான் இருக்கிறது, ஏற்றத்தின் வேகமே குறைந்தது. விலை உண்மையில் இறங்குவதற்கு அந்த எண் பூச்சியத்தைக் கடந்து சய பக்கம் வரவேண்டும்.

கழிவு கொடுக்கும்போதும் கவனம் தேவை. 1,000 ரூபாச் சாமானின் விலையை 20 வீதம் குறைத்தால் 800. பிறகு 20 வீதம் கூட்டினால் 1,000 வராது, 960தான் வரும். குறைத்தது ஆயிரத்தில், கூட்டியது எண்ணூறில். பழைய விலைக்கு வர 25 வீதம் கூட்ட வேண்டும்.

யாருடைய பக்கம்?

வங்கிக் கூற்றைப் பார்த்து, "நான் போட்ட காசை ஏன் கிரெடிட் என்கிறார்கள், எடுத்ததை ஏன் டெபிட் என்கிறார்கள்?" என்று பலர் கேட்பதுண்டு. அந்தத் தாள் வங்கியின் கொப்பியிலிருந்து எடுத்தது. நீங்கள் வைப்புச் செய்த காசு உங்களுக்குச் சொத்து, வங்கிக்கோ உங்களிடம் பட்ட கடன். ஆகவே உங்கள் சக அவர்களின் சய. பல்லேகம விவசாயியின் வீட்டில் சய 8,000 என்று இருப்பதே மாமாவின் நீலக் கொப்பியில் சக 8,000. இரண்டையும் கூட்டினால் பூச்சியம். ஒரு கடனுக்கு இரண்டு முனைகள் உண்டு. கணக்கை வாசிக்கும்போது நாம் எந்த முனையில் நிற்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐந்தொகையில் அடைப்புக்குறிக்குள் போட்ட எண்ணும், சிவப்பில் எழுதிய எண்ணும், பின்னால் 'டீஆர்' என்று குறித்த வங்கி மீதியும் நமக்குச் சொல்வது ஒன்றேதான்: சய.

மாமாவின் கணக்கு

அன்று மாமா இரண்டு கொப்பிகளையும் மூடி வைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தன மாசம்?" மாதம் 5,000 ரூபா மிச்சம் பிடித்தால் 21 மாதம் என்றேன். அன்றிலிருந்து ஒரே கொப்பி. மாத முடிவில் ஒரே ஒரு எண். சய 105,000, சய 100,000, சய 95,000 என்று அது மெல்ல மெல்ல ஏறியது.

2018 ஜூலையில் களுகங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பத் தொடங்கினார்கள். பழைய பல்லேகம நகரம் நீருக்கடியில் போனது. மாமா லக்கல புதிய நகரத்தில் சிறிய அளவில் மீண்டும் தொடங்கினார். கடை இடம் மாறியது, கொப்பியிலிருந்த எண் மாறாமல் கூடவே வந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்கள் நமது வியாபாரங்களுக்கு எப்படி இருந்தன என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்து மாதங்கள் மாதம் 2,000 ரூபா வீதம் நட்டம். மற்ற 23 மாதங்களும் திட்டமிட்டபடியே 5,000. சக 115,000, சய 10,000, ஆக மொத்தம் சக 105,000. 21 மாதத்தில் முடிய வேண்டியது 28 மாதம் எடுத்தது. 2020 பெப்ரவரி மாத முடிவில் அந்தக் கொப்பியில் பூச்சியம் விழுந்தது.

மூன்று வாரத்தில், மார்ச் 20ஆம் திகதி, நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கடைகள் மூடப்பட்டன. கொடுக்க வேண்டியவர் எவரும் வாசலில் நிற்காத நிலையில் மாமா அந்த மாதங்களைக் கடந்தார். நீலக் கொப்பியை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் இன்றும் சொல்வதுண்டு.

கடனை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் (2:282) கட்டளையிடுவதை நாம் அறிவோம். எழுதுகிறோம், ஆனால் இரண்டு கொப்பிகளில் பிரித்து எழுதுகிறோம். இந்த வாரம் கடை மூடியதும் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஒரு தாளின் இடப்பக்கம் இருப்பதையும் வரவேண்டியதையும் எழுதுங்கள். வராது என்று மனதுக்குத் தெரிந்ததை அதில் வெட்டிவிடுங்கள். வலப்பக்கம் கொடுக்க வேண்டியதை எழுதுங்கள். இடத்திலிருந்து வலத்தைக் கழியுங்கள்.

விடை சக என்றால் அல்ஹம்துலில்லாஹ். சய என்றால் தாளைக் கிழித்துப் போட வேண்டாம். அந்த எண்ணை மாத மிச்சத்தால் வகுத்துப் பாருங்கள், எத்தனை மாதம் என்பது தெரியும். தாளை லாச்சியில் வைத்துவிட்டு அடுத்த மாத முடிவில் இன்னொன்று எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.